சாரலும் டாக்கோவும்

ஜூன் மாதம் 7-ந் தேதியை உலக உணவுப் பாதுகாப்புத் தினம் என்று ஐக்கிய நாடுகள் சபையார் ஏற்படுத்தியிருக்கிறார்கள். 2019-ம் வருஷம் முதல் அது அனுஷ்டிக்கப்பட்டு வருகிறது. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் குற்றாலத்தைப் பற்றித் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் எங்கள் தென்காசிச் சீமையில் மலைமேல் மேகம் இறங்கும். காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நிற்பவர்களின் மேல்வேஷ்டியைக் காற்று பிடுங்கிக் கொண்டு போகும். பேரருவியில் ஜலம் விழ ஆரம்பித்து விட்டதென்று செய்தி பரவும். ஜலம் விழ ஆரம்பித்ததும் உறவினர்கள் வர ஆரம்பிப்பார்கள். தூரத்து உறவுகூட ஆனி, ஆடி மாதங்களில் மிகவும் கிட்டத்து உறவாகி விடுவது குற்றாலத்தின் மகிமைகளில் ஒன்று.

வருகிறவர்களில் பெரியவர்களுக்குச் சோறும் குழம்பும் போதும். குழந்தைகள் விஷயம் வேறு. சில வருஷங்களாகப் பட்டணத்துக் குழந்தைகள் புதுப்புதுப் பண்டங்களின் பெயர்களைச் சுமந்து கொண்டு வந்து இறங்குகிறார்கள். இந்தச் சீமையின் பல வீடுகளில் இப்படி ஒரு சம்பாஷணை நடப்பதுண்டு:

"ஆச்சி, இன்னிக்கு டாக்கோ பண்ணலாமா?"

"அது என்ன ராசா, டக்கு புக்குன்னு?"

"ரொட்டிக்குள்ள கறி, வெங்காயம், தக்காளி, சாஸ் எல்லாம் வச்சு மடிச்சுத் திங்கணும் ஆச்சி."

"சப்பாத்திக்குள்ள பொரியலை வச்சு மடிச்சுத் தாரேன், தின்னு. அதுக்குப் போய் ஒரு பேரா?"

ஆச்சி சொன்னதில் பெரும்பகுதி வாஸ்தவம். டாக்கோ என்பது மெக்ஸிகோ தேசத்து எளிய ஜனங்களின் அன்றாட ஆகாரம். மக்காச்சோள மாவில் மெல்லிய ரொட்டி சுட்டு, அதன் நடுவில் கறியோ பயறோ வைத்து, மேலே பச்சையாக நறுக்கிய வெங்காயமும் தக்காளியும் தூவி, சட்டினி விட்டு மடித்துக் கையால் தின்பார்கள். அந்நிய நாட்டுப் பண்டம் நமக்கு எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. நம் வீட்டு மிளகாய் வற்றலும் தக்காளியும் அந்தப் பக்கத்துப் பூமியிலிருந்து கப்பலேறி வந்தவைதாம். சம்பந்தம் என்றோ நடந்து விட்டது. இப்பொழுது மாப்பிள்ளை வீட்டுப் பலகாரம் ஒன்று தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இந்தப் பலகாரத்தோடு சில அபாயங்களும் அடுக்களைக்குள் நுழையக் கூடும். அவற்றைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறேன். படிக்கிறவர்கள் சகோதரிகள் மட்டுமே என்று நான் எண்ணவில்லை. அடுக்களை ஸ்திரீகளுக்கு மாத்திரம் பட்டா எழுதிக் கொடுத்த இடமன்று. சீஸன் நாட்களில் "இன்றைக்கு நான் சமைக்கிறேன்" என்று வேஷ்டியை மடித்துக் கட்டும் புருஷர்களே பெரும்பாலும் இம்மாதிரிப் புதுப் பரீக்ஷைகளில் இறங்குகிறார்கள்.

டாக்கோவுக்கு நெருங்கிய உறவான ஒரு பண்டம் நம் நாட்டில் நன்கு பழகிப் போயிருக்கிறது. அதுதான் ஷவர்மா. உறவு என்று வெறும் உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. லெபனான் முதலிய தேசங்களிலிருந்து மெக்ஸிகோவின் புயெப்லா நகரத்தில் குடியேறியவர்கள், செங்குத்தான கம்பியில் கறியைக் குத்திச் சுழற்றி வாட்டிச் சீவும் தங்கள் வழக்கத்தை 1930-க்குப் பிந்திய வருஷங்களில் அங்கே பரப்பினார்கள். அதுவே பின்னால் டாக்கோவின் ஒரு பிரசித்தமான வகையாக மாறியது. ஆக, ஷவர்மாவில் எந்தக் குற்றம் நேருமோ அது டாக்கோவிலும் நேரும்.

நேர்ந்த குற்றங்கள் அற்பமானவையல்ல. 2022-ம் வருஷம் மே மாதத் தொடக்கத்தில், கேரளத்தின் காசர்கோடு ஜில்லா செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி இறந்து போனாள். நோயுற்றவர்களைப் பரிசோதித்ததில் ஷிகெல்லா என்னும் கிருமி தென்பட்டது. அடுத்த வருஷம் செப்டம்பரில் நமது நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி அவ்வாறே உயிரிழந்தாள்; அதே கடையில் வாங்கிச் சாப்பிட்ட 40-க்கு மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கொண்டிருந்த வயதுக் குழந்தைகள். தினந்தோறும் அந்த வயதுக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்துக் கொண்டு பாடம் சொல்பவனுக்கு இச்செய்திகளைப் பத்திரிகையின் மற்றச் செய்திகளோடு சேர்த்துப் புரட்டி விட்டுப் போக முடிவதில்லை.

அதற்குப் பிறகு சர்க்கார் கவனம் செலுத்தியது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸ் என்ற வெண் குழம்பைத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 8-ந் தேதி முதல் ஓராண்டுக்குத் தடை செய்தார்கள். கேரளமும் தெலுங்கானாவும் அதற்கு முன்பே அத்தகைய தடை விதித்திருந்தன. சென்னை ராஜதானியில் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1918-லேயே வந்தது. பின்பு 1954-ல் தேச முழுமைக்கும் ஒரு சட்டம், 2006-ல் அதனினும் விரிவான மற்றொரு சட்டம். சட்டங்கள் கடை வாசலுக்கு வரும். நம் வீட்டு நடையைத் தாண்டி அடுக்களைக்குள் வருவதில்லை. அங்கே அதிகாரி நாம்தான்.

நம் சமையலில் ஒரு நல்ல குணம் உண்டு. குழம்பு, ரசம், கூட்டு எல்லாமே தளதளவென்று கொதிக்க வேண்டியவை. கொதித்த பின் சூட்டோடு இலைக்கு வந்து விடும். செங்கோட்டைக்கு அருகில் பிரானூர் 'பார்டரில்' பரோட்டாவும் மிளகுக் கோழியும் சாப்பிடாமல் சீஸனை முடிப்பவர்கள் குறைவு. பரோட்டா கல்லிலிருந்து நேரே இலையில் விழுகிறது. சூட்டோடு செய்து சூட்டோடு தின்பதைப் போன்ற காவல் வேறில்லை. டாக்கோவில் அந்த ஒழுங்கு குலைகிறது. வெந்த கறி, வேகாத காய், குளிர்ந்த சாஸ் ஆகிய மூன்றும் ஒரே ரொட்டியில் கூடுகின்றன. காயிலிருந்தோ சாஸிலிருந்தோ கிருமி ஏறினால், அதன் பிறகு நெருப்பின் முகத்தைக் காட்ட வழியில்லை.

முதலில் கறியை எடுத்துக் கொள்வோம். பச்சைக் கோழியில் சால்மனெல்லா, காம்பிலோபாக்டர் என்னும் கிருமிகள் இருக்கக் கூடும். கோழி எவ்வளவு புதிதாக இருந்தாலும், கடைக்காரர் எவ்வளவு நாணயஸ்தராக இருந்தாலும் இருக்கக் கூடும். அதை வாங்கி வந்தவுடன் தொட்டியில் போட்டுக் குழாயை வேகமாகத் திறந்து விட்டு அலசுவது நம் வழக்கம். அந்தத் துளிகள் நாலு பக்கமும் தெறிக்கின்றன. பக்கத்தில் கழுவி வைத்திருக்கும் கொத்தமல்லித் தழையின் மேலும் விழுகின்றன. கழுவுவதால் கிருமி போவதில்லை, இடம் மாறுகிறது. கழுவாமல் சமைக்க மனம் ஒப்பாதவர்கள் ஆழமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து, தெறிக்காமல் மெதுவாக அலசி, அந்த ஜலத்தை ஜாக்கிரதையாகக் கொட்டிவிட்டு, தொட்டியையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். மஞ்சள் தூள் பூசி விட்டோமே, இனி என்ன பயம் என்று கறியை ஒரு மணி, இரண்டு மணி நேரம் வெளியில் வைப்பவர்கள் உண்டு. மஞ்சளுக்கு எத்தனையோ நற்குணங்கள் இருக்கலாம்; ஆனால் குளிர்ப்பெட்டி செய்யும் வேலையை அது செய்யாது. ஊற வைக்கும் கறி குளிர்ப்பெட்டியில்தான் ஊற வேண்டும்.

இதைவிட முக்கியமானது பலகையும் கத்தியும். கறி நறுக்கிய பலகையை ஒரு துணியால் துடைத்து விட்டு அதிலேயே வெங்காயமும் தக்காளியும் நறுக்குவதுதான், கிருமி வெந்த கறியை விட்டுவிட்டு வேகாத காயில் ஏறும் ராஜபாட்டை. நம் பழைய வீடுகளில் அரிவாள்மனைகூட மரக்கறிக்கு ஒன்று, மீனுக்கு ஒன்று என்று இருந்தது. தீட்டென்று நினைத்துச் செய்தார்களோ, வேறு எதற்காகச் செய்தார்களோ, காரியம் நல்ல காரியம். இரண்டு பலகை வைத்துக் கொள்ளுங்கள். இயலாவிட்டால் காய்களை முதலில் நறுக்கி மூடி வைத்து விட்டுக் கறியைக் கடைசியில் தொடுங்கள். அடுக்களைத் துணியைப் பற்றியும் ஒரு வார்த்தை: கையைத் துடைக்கவும், தட்டைத் துடைக்கவும், பலகையைத் துடைக்கவும் ஒரே துணியானால், அது கிருமிகளுக்கு நாம் ஏற்படுத்திக் கொடுத்த சத்திரம்.

கோழி உள்ளே 74 டிகிரி சென்டிகிரேட் சூட்டை எட்ட வேண்டும் என்பது வைத்திய சாஸ்திரிகளின் கணக்கு. சூட்டுமானி வைத்திருக்கும் வீடுகள் சிலவே. நிறத்தைப் பார்த்து நிச்சயிப்பதும் பூரண நம்பிக்கைக்கு உரியதன்று. மசாலாச் சிவப்பில் உள்ளே இருக்கும் இளஞ்சிவப்பு மறைந்து போகும். டாக்கோவுக்குக் கறியை எண்ணெயில் அவசரமாகப் புரட்டி எடுப்பதை விட, நம் முறைப்படி சிறிது ஜலம் விட்டு மசாலாவோடு கொதிக்க வைத்து, வெந்த பிறகு சுண்ட வைத்துச் சுக்காவாக்கி, அதை ரொட்டிக்குள் வைப்பது உத்தமம். ருசியும் குறையாது. கொத்தின ஆட்டுக்கறிக்கு இது இன்னும் அவசியம். முழுத் துண்டில் மேற்புறத்தில் மட்டும் இருந்த கிருமி, கொத்தும்போது உள்ளெல்லாம் கலந்து விடுகிறது.

"எங்கள் வீட்டில் மாமிசம் கிடையாது, ஆகையால் இந்த உபத்திரவமும் கிடையாது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். சைவ டாக்கோவுக்கு ராஜ்மா என்ற சிவப்புக் காராமணி போன்ற பயற்றை வைப்பார்கள். அந்த விதையில் இயற்கையாகவே ஒரு விஷச் சத்து இருக்கிறது. நன்றாக வேகாத நாலைந்து விதைகளே போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி வந்து விடும். அரைவேக்காடு, பச்சை விதையை விட மோசம். கொதிக்காத மிதச் சூட்டில் அந்த விஷம் தணிவதற்குப் பதில் வீரியம் கூடுகிறது. ஆகையால் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊற வைத்து, ஊறிய ஜலத்தைக் கொட்டிவிட்டு, புது ஜலத்தில் அரைமணி நேரம் தளதளவென்று கொதிக்க விட வேண்டும். பிரஷர் குக்கரில் குழைய வேக வைப்பது நம் வீடுகளுக்கு ஏற்றது. மெதுவாகச் சூடேறும் மின்சாரப் பாத்திரத்தில் பச்சையாகப் போட்டு வைத்து விட்டு அருவிக்குக் குளிக்கப் போவது கூடவே கூடாது.

இனிப் பச்சைக் காய். 2006-ம் வருஷம் நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவின் வடகிழக்கு மாகாணங்களில் டாக்கோ விற்கும் ஒரு பெரிய உணவுசாலைத் தொடரில் சாப்பிட்ட 71 பேர் கொடிய வகை ஈ. கோலி கிருமியால் நோயுற்றார்கள். முதலில் வெங்காயத் தாளின் மேல் சந்தேகம் விழுந்தது. விசாரணை முடிவில் குற்றவாளி பெரும்பாலும் நறுக்கிய லெட்யூஸ் கீரையே என்று தீர்மானித்தார்கள். மாமிசத்தைப் பற்றி எல்லோரும் பயந்து கொண்டிருக்க, அப்பாவி போல் மேலே உட்கார்ந்திருந்த பச்சைத் தழை இந்த வேலையைச் செய்தது.

நம் ஊரில் லெட்யூஸுக்குப் பதில் முட்டைக்கோஸைச் சீவிப் போடுகிறார்கள். பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறிக்குப் பஞ்சமில்லை. ஆனால் கோஸின் இலை மடிப்புக்குள் மண்ணும் புழுவும் மட்டுமல்ல, எரு வழியாகவும் பாய்ச்சிய ஜலத்தின் வழியாகவும் வந்த கிருமியும் ஒளிந்திருக்கும். வெளி இலைகளை எடுத்தெறிந்து விட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து ஓடும் நல்ல ஜலத்தில் கழுவ வேண்டும். உப்பு நீரில் அமிழ்த்தினால் புழு வெளிவரும், கிருமி சாகாது. மழைக்காலத்தில் குழாய் ஜலம் கலங்கலாக வருமானால், பச்சையாகத் தின்னும் காயைக் கழுவுவதற்கும் காய்ச்சி ஆறிய ஜலமே நல்லது. இன்னும் சுலபமான உபாயம் ஒன்று உண்டு. கோஸைக் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து விடலாம், அல்லது எண்ணெயில் லேசாக வதக்கி விடலாம். மெக்ஸிகோக்காரர் பார்த்தால் ஆட்சேபிப்பார்தான். அவர் நம் வீட்டு விருந்தாளியாக வரும்போது வேறு ஏற்பாடு செய்து கொள்ளலாம். வெண்ணெய்ப் பழத்தை மசித்துச் சேர்க்கிறவர்கள் தோலோடு கழுவிய பிறகே அரிய வேண்டும். தோலை எறியத்தானே போகிறோம் என்று கழுவாமல் அரிந்தால், தோலில் உள்ளதைக் கத்தி சதைக்குள் இழுத்துச் செல்லும்.

சாஸ் விஷயத்தில் என் அபிப்பிராயம் உறுதியானது. பச்சை முட்டையை எண்ணெயோடு அடித்து வீட்டில் மயோனைஸ் செய்ய வேண்டாம். ஓடு உடையாத சுத்தமான முட்டைக்குள்ளேயும் சால்மனெல்லா இருக்கக் கூடும். எலுமிச்சம்பழம் பிழிந்து விட்டால் சரியாகி விடும் என்பது போதாத சமாதானம். மெக்ஸிகோக்காரர்கள் டாக்கோவின் மேல் புளித்த பாலேட்டைத்தான் விடுகிறார்கள். நம் வீட்டுக் கெட்டித் தயிர் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி. துணியில் கட்டி வடித்த தயிரில் உப்பு, மிளகு, பூண்டு சேர்த்தால் ஆயிற்று. புளிப்பில் பெரும்பாலான கிருமிகள் தழைப்பதில்லை என்பது உபரி லாபம். கடையில் புட்டி வாங்குகிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும் கடைசித் தேதியும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். திறந்த புட்டியின் இடம் குளிர்ப்பெட்டி, ஜன்னல் மாடமல்ல.

சமைப்பதில் இவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தும், பரிமாறுவதில் கோட்டை விடுவது சகஜம். டாக்கோவின் குதூகலமே, எல்லாவற்றையும் கிண்ணம் கிண்ணமாக மேஜைமேல் பரப்பி வைத்து, வேண்டியவர்கள் வேண்டியதை எடுத்து மடித்துக் கொள்வதில் இருக்கிறது. சீஸன் வீட்டில் ஒரு கூட்டம் ஐந்தருவிக்குப் போயிருக்கும், ஒரு கூட்டம் தூங்கிக் கொண்டிருக்கும், ஒரு கூட்டம் பழைய குற்றாலத்திலிருந்து திரும்பும். கிண்ணங்கள் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை மேஜைமேலேயே இருக்கும். பத்துக் கைகள் புழங்கும். அவற்றுள் இரண்டு கைகளாவது கழுவாத கைகளாக இருக்கும்.

சமைத்த பண்டம் அடுப்பிலும் இல்லாமல் குளிர்ப்பெட்டியிலும் இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது; வெயில் கடுமையான நாளில் ஒரு மணி நேரமே அதிகம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டதெல்லாம் கிருமிகளின் ராஜ்யம். சாரல் அடிக்கிறது, குளுகுளுவென்றிருக்கிறது, ஒன்றும் கெடாது என்று நாம் எண்ணும் அந்த 25 டிகிரி, கிருமிகளுக்கு நல்ல வசந்த காலம். அனுகூலமான இடத்தில் ஒரு கிருமி இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பெருகும். மணிக்கு மூன்று தடவை. ஆறு மணி நேரத்தில் பதினெட்டுத் தடவை இரட்டித்தால் ஒன்று 2,62,144 ஆகி விடும். சதுரங்கப் பலகையில் நெல்மணி வைத்த கதையைக் கேட்டு ஆச்சரியப்படும் பிள்ளைகளுக்கு நான் இந்தக் கணக்கையும் கொடுப்பதுண்டு. விடை வந்ததும் வகுப்பில் நாலைந்து பேர் தங்கள் மத்தியான்னச் சாப்பாட்டு டப்பாவை மோந்து பார்ப்பார்கள்.

மோந்து பார்ப்பதில் பிரயோஜனம் குறைவு. நோய் உண்டாக்கும் கிருமிகளில் பல, வாசனையிலோ ருசியிலோ ஒரு மாறுதலும் காட்டாமல் பெருகும். "மறுபடியும் நன்றாகச் சுட வைத்து விட்டால் சரிதானே?" என்று கேட்பீர்கள். எப்போதும் சரியாகாது. மனிதருடைய மூக்கிலும், கையில் உள்ள புண், கட்டிகளிலும் குடியிருக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் என்ற கிருமி, பண்டத்தில் இறங்கிப் பெருகும்போது ஒரு விஷத்தைக் கக்குகிறது. பின்னால் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், விஷம் அப்படியே நிற்கும். கையில் புண் உள்ளவர் அன்று சமையலுக்கு ஓய்வு கொடுத்து விட்டு அருவியைப் பார்த்துக் கொண்டிருக்கலாம். வயிற்றுப் போக்கு உள்ளவரும் அப்படியே.

ஆகவே கிண்ணங்களைச் சிறியனவாக வைத்துக் கொண்டு, பாக்கிக் கறியை அடுப்பின் மேல் ஆவி பறக்க வைத்திருங்கள். தயிரும் காயும் குளிர்ப்பெட்டியிலிருந்து சிறிது சிறிதாக வரட்டும். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனிக் கரண்டி வேண்டும். மிச்சமான கறியைப் பெரிய பானையோடு ஆற வைத்தால் நடுவில் சூடு வெகுநேரம் நின்று, வேகும் சூட்டையும் தாங்கிப் பிழைக்கும் வித்துக்களை உடைய கிருமிகள் விழித்துக் கொள்ளும். அகன்ற தட்டில் பரப்பி ஆற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். காற்றுக் காலத்தில் மின்சாரம் நின்று விட்டால் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்க வேண்டாம். மூடியே இருந்தால் நாலு மணி நேரம் வரை உள்ளே குளிர் நிற்கும்.

அருவிக்குக் கட்டிக் கொண்டு போகும் சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் பெரியோர்கள் பிரயாணத்துக்குக் கட்டிய பண்டங்களைப் பாருங்கள்: புளியோதரை, எலுமிச்சஞ்சாதம், எண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லி. புளிப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் கூடியவை. புளிக்காய்ச்சலில் ஜலச்சத்து சுண்டிப் போயிருக்கும். கிருமி நூல் படிக்காமலே கிருமிக்கு இடங்கொடாத பண்டங்களைக் கண்டுபிடித்து வைத்தார்கள். கறியும் பச்சைக் காயும் சாஸும் வைத்து மடித்த டாக்கோ இந்த வரிசையில் சேராது. விடியற்காலை ஆறு மணிக்கு மடித்துக் காகிதத்தில் சுற்றி எடுத்துக் கொண்டு போவீர்கள். குற்றாலத்தில் வெள்ளம் அதிகமாகிக் குளிக்கக் கூடாதென்று தடுத்து விடுவார்கள். காத்திருந்து குளித்துத் தலை துவட்டிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது மணி இரண்டாகி விடும். மேலே போட்டுள்ள கணக்கை ஒருமுறை திருப்பிப் பார்த்துக் கொள்ளுங்கள். டாக்கோவை வீட்டோடு நிறுத்தி, அருவிக்குப் புளியோதரையை அனுப்புங்கள்.

ரொட்டியை மறந்து விடவில்லை. கோதுமைச் சப்பாத்தியில் செய்கிறவர்களுக்குக் கவலை அதிகமில்லை. அசல் முறைப்படி மக்காச்சோளத்தில் செய்ய விரும்புகிறவர்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேக வைத்து, இரவெல்லாம் ஊற விட்டு, பலமுறை கழுவி, ஆட்டுக்கல்லில் அரைத்து ரொட்டி தட்ட வேண்டும். இதை மெக்ஸிகோவின் பூர்வ குடிகள் ஆயிரக்கணக்கான வருஷங்களாகச் செய்து வருகிறார்கள். மக்காச்சோளத்தில் உள்ள ஒரு முக்கியமான ஜீவசத்து சுண்ணாம்பின் உதவியில்லாமல் உடம்புக்குக் கிட்டுவதில்லை. ஐரோப்பியர்கள் சோளத்தை எடுத்துக் கொண்டு சுண்ணாம்பை விட்டு விட்டு வந்தார்கள். சோளமே கதியென்றிருந்த ஏழைகளுக்கு அங்கே பெல்லாக்ரா என்ற தோல் நோயும் சித்தப்பிரமையும் கண்டன. நம் வீட்டில் உபயோகிக்க வேண்டியது வெற்றிலைக்குத் தடவும் சுத்தமான சுண்ணாம்பு. வெள்ளையடிக்கும் சுண்ணாம்பை எடுத்து விடாதீர்கள். கரைக்கும்போது கண்ணில் தெறிக்காமல் பார்த்துக் கொள்ளவும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதிருக்கவும் வேண்டும். அரைத்த மாவைத் தோசை மாவு போல் புளிக்க வைக்கக் கூடாது. அன்றன்றைக்குச் சுட்டு விட வேண்டும்.

சாரல் காலத்தில் மக்காச்சோளத்தைச் சேமிப்பதில் மற்றோர் அபாயம் உண்டு. 1974-ம் வருஷம் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் அடுத்தடுத்த ஜில்லாக்களில், அறுவடைச் சமயத்தில் அகாலமாகப் பெய்த மழையில் நனைந்த மக்காச்சோளத்தைத் தின்ற ஏழை ஆதிவாசிக் குடும்பங்களில் காமாலையும் மகோதரமும் பரவின. சுமார் 400 பேர் நோயுற்று, நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வீட்டு நாய்களுக்குக்கூட அதே நோய் கண்டது. ஹைதராபாதிலுள்ள தேசியப் போஷாக்கு நிலையத்தார் ஆராய்ந்து, சோளத்தில் பூத்த பூஞ்சணத்தின் விஷமான அப்ளடாக்ஸினே காரணம் என்று கண்டார்கள். அவ்விஷம் ரொட்டி சுடும் சூட்டில் அழிவதில்லை. சுண்ணாம்பில் ஊற வைப்பதால் ஓரளவு குறையலாம்; அதை நம்பிப் பூஞ்சணம் பிடித்த தானியத்தை உபயோகிப்பது அபாயம். வெயிலே காணாத ஆடி மாதத்தில் மாதக் கணக்குக்கு வாங்கிக் கோணியில் கட்டி வைக்க வேண்டாம். நன்கு காய்ந்ததைக் கொஞ்சமாக வாங்கிக் காற்றுப் புகாத டின்னில் வையுங்கள். பச்சையாகவோ மஞ்சளாகவோ பொடி படிந்திருந்தால், கழுவிப் பொறுக்கிப் பாதியை மிச்சப்படுத்தப் பார்க்காமல் முழுவதையும் எறிந்து விடுங்கள். மாட்டுக்கும் கோழிக்கும்கூடப் போடக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு ஒருவருக்கு வயிறு கெட்டு விட்டால், கடைசியாகத் தின்ற பண்டத்தின் மேல் மட்டும் பழி போட்டு விட வேண்டாம். ஸ்டாபிலோகாக்கஸ் விஷம் அரை மணியிலிருந்து எட்டு மணிக்குள் வேலை செய்யும். சால்மனெல்லா ஆறு மணி நேரம் முதல் ஆறு நாள் வரை காத்திருந்தும் கிளம்பும்.

முதற் சிகிச்சை, இழந்த ஜலத்தையும் உப்பையும் உடனே ஈடு செய்வது. இந்த எளிய வைத்தியத்தை உலகம் நம்பும்படி செய்தவர்களில் முதன்மையானவர் நம் நாட்டவர். 1971-ல் வங்காள தேச யுத்தத்தின்போது பன்காவ் அகதிகள் முகாமில் வாந்திபேதி பரவியது. ஊசி மூலம் ஏற்றும் திரவம் தீர்ந்து போகவே, டாக்டர் திலீப் மஹாலநாபிஸ் உப்பும் சர்க்கரைச் சத்தும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே குடிக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த மரணம் நாலுக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் காலமானார். அடுத்த ஆண்டு நம் அரசாங்கம் பத்ம விபூஷண் விருது அளித்து அவரைக் கௌரவித்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்று சீஸன் வீட்டில் எப்போதும் இருக்கட்டும். முழுப் பொட்டலத்தையும் அதில் குறித்துள்ள அளவு ஜலத்தில், சாதாரணமாக ஒரு லிட்டரில், ஒரே தடவையாகக் கரைக்க வேண்டும். அகப்படாத வேளையில், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் ஜலத்தில் தலை தட்டிய ஆறு சிறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் போதும். அளவு மீறக் கூடாது. உப்பு அதிகமாவது குழந்தைக்கு ஆபத்து. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்கலாம். கஞ்சியை நிறுத்த வேண்டாம். பால்குடிக் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். போக்கை அடைக்கும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குத் தாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

மலத்தில் ரத்தம் கண்டாலும், கடும் காய்ச்சல் அடித்தாலும், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் பிரியாவிட்டாலும், குழந்தை சோர்ந்து தூங்கி விழுந்தாலும் வீட்டு வைத்தியம் அத்துடன் நிற்க வேண்டும். தென்காசியிலும் செங்கோட்டையிலும் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. 108-க்குச் சொன்னால் வண்டி வரும். போகும்போது யார் யார், எதை, எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக் கொண்டு போங்கள். மிச்சம் இருக்கும் பண்டத்தை வெட்கப்பட்டுக் கொண்டு கொல்லையில் கொட்டி விடாமல், ஒரு டப்பாவில் மூடி, யாரும் தொடாதபடி குளிர்ப்பெட்டியில் தனியாக வையுங்கள். டாக்டர் கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும்.